படைக்கலம் தாங்குவதும் அதனை உருவுவதும்
தற்காப்பு பற்றிய ஓர் அறவியல் விளக்கம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சேகரங்களில் பணியாற்றும் ஆயர்களிடம் இறைமக்கள் சிலர் கேட்கும் வினா ஒன்று உண்டு. படையிலிருந்து ஓய்வுபெற்று வங்கியின் வாயிலில் துப்பாக்கியுடன் காவல் நிற்பவர் அதனைக் கேட்கின்றார். ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கழனி வீட்டில் குடியிருந்து, உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கும் உழவர் கேட்கின்றார். இரவில் கடையடைத்து, அன்றைய வரவைக் கையிலெடுத்துக்கொண்டு வீடு திரும்பும் வணிகரும் கேட்கின்றார். துப்பாக்கி வைத்திருப்பது பாவமா என்று இவர்கள் கேட்பதில்லை. அரசு உரிமம் தந்தபடியால் அவ்வினா முடிந்துவிட்டது என்று எண்ணுகின்றனர். “ஐயரே, எந்த வேளையில் அதைக் கையில் எடுக்கலாம்?” என்பதே அவர்கள் கேட்பது.

இவ்வினாவுக்கு நம்மில் பலர் ஒரே வசனத்தைக் கொண்டு விடையளித்துவிடுகின்றோம். சிலர் மறு கன்னத்தைக் காட்டும் போதனையை எடுத்துரைப்பர். வேறு சிலர், பட்டயம் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்று ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும் என்று லூக்கா 22இல் ஆண்டவர் கூறியதைச் சுட்டுவர். இரண்டும் திருமறையில் உள்ளவையே. எனினும் கேட்டவருக்கு இவை போதிய வழிகாட்டுதல் ஆகா. வங்கிக் காவலர் மறுநாள் காலையில் மீண்டும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியவர். அவர் மனச்சாட்சிக்குத் தெளிவு தேவைப்படுகின்றது. ஆதலின் நாட்டின் சட்டம் கூறுவதையும், திருமறையும் திருச்சபையின் மரபும் கூறுவதையும் முறையே நோக்கி, ஆயரும் இறையியல் மாணவரும் எடுத்தாளத்தக்க சில முடிவுகளைக் காண முற்படுவோம்.

1. மூன்று செயல்கள்

தாங்குதல், உருவுதல், சுடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இப்பொருள் பற்றிய மயக்கங்களுக்கெல்லாம் வேர். படைக்கலத்தை உறையிலிட்டு உடன்கொண்டு செல்வது ஒரு செயல். அதனை உறையிலிருந்து எடுத்து ஒரு மனிதனை நோக்கிக் காட்டுவது வேறொரு செயல். சுடுவது மூன்றாவது செயல். முதற்செயலுக்குக் கிடைத்த அனுமதி இரண்டாவதற்குத் தானாகவே செல்லாது. இரண்டாவதற்குக் கிடைத்த நியாயம் மூன்றாவதற்குப் போதாமலும் இருக்கலாம்.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் முதன்மையாக முதற்செயலையே ஒழுங்குசெய்கின்றது. மாவட்டங்களில் ஆட்சியர், மாவட்ட நடுவர் என்ற முறையில், காவல்துறையின் அறிக்கையைப் பெற்று உரிமம் வழங்குகின்றார். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. முன்னர் மூன்று வரை வைத்திருக்கலாம். திருவிழாவிலும் திருமணத்திலும் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதையும் அதே திருத்தம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தேர்தல் காலத்தில் உரிமதாரர் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு பணிக்கப்படுவதையும் நாம் அறிவோம். உரிமம் என்பது அரசு தன் கண்காணிப்பின்கீழ் அளிக்கும் சலுகையேயன்றி ஒருவருடைய பிறப்புரிமை அன்று என்பது இவற்றால் விளங்கும்.

உருவுதல் எப்பொழுது நியாயமாகும் என்பதை உரிமம் தீர்ப்பதில்லை. அதனைத் தீர்ப்பது தண்டனைச் சட்டம். சுடும் எண்ணமின்றி, அச்சுறுத்துவதற்காக மட்டுமே துப்பாக்கியை ஒருவன்மேல் நீட்டினாலும், தக்க காரணம் இல்லையெனில் அது குற்றமாகும். அடிக்கப் போவதாகச் சைகை காட்டி ஒருவனை அஞ்சச் செய்வதே சட்டத்தின் கண்ணில் தாக்கமுயற்சியாகும். உயிருக்கு மிரட்டல் விடுப்பதற்கு 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. “நான் சுடவில்லையே, காட்டினேன் அவ்வளவுதான்” என்று சொல்லித் தப்ப எண்ணுவோர்க்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டும்.

2. சட்டம் வகுக்கும் எல்லைகள்

தற்காப்புரிமை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் வகுக்கப்பட்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில், பெரும்பாலும் பழைய சொற்களிலேயே, இடம்பெற்றுள்ளது. எண்கள் மாறினவேயன்றிக் கோட்பாடு மாறவில்லை. அதன் சாரத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, இவ்வுரிமை தன் உடலைக் காப்பதற்கு மட்டுமன்றிப் பிறர் உடலைக் காப்பதற்கும் உண்டு. அயலானுக்காகக் குறுக்கே நிற்பவனையும் சட்டம் தற்காப்போன் என்றே மதிக்கின்றது. இறையியல் நோக்கில் இது சிறப்பாகக் கருதத்தக்கது; இதற்குப் பின்னர் வருவோம்.

இரண்டாவது, ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும் கணத்திலேயே உரிமை தொடங்குகின்றது. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வச்சம் நீங்கிய கணத்தில் உரிமையும் முடிந்துவிடுகின்றது. புறமுதுகிட்டு ஓடுகின்றவனைச் சுடுபவன், அவ்வச்சம் நீங்கியிருப்பின், தற்காத்துக்கொள்பவன் ஆகான்; அவன் பழிவாங்குகின்றான்.

மூன்றாவது, அரசின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இவ்வுரிமை இல்லை. நாளை மாலை அடிக்க வருவான் என்று இன்று காலையில் அறிந்தவன் காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டியவன். துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு வாயிலில் உட்காரலாகாது.

நான்காவது, தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவித்தல் கூடாது. தாக்குவோனுக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்குச் செல்வதற்குச் சட்டம் சில நிலைகளை மட்டுமே குறிப்பிடுகின்றது. மரணம் அல்லது கொடுங்காயம் நேருமென்ற அச்சம், வன்புணர்ச்சி, ஆட்கடத்தல், அமிலம் வீசுதல் முதலியவை அவை. அமிலவீச்சு 2013இல் சேர்க்கப்பட்டது. பொருளைக் காப்பதில் எல்லை இன்னும் குறுகியது. கொள்ளை, சூரியன் மறைந்தபின் வீடுடைத்து உட்புகுதல், மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீயிடுதல் போன்றவற்றிலேயே உயிர்போகும் அளவுக்குத் தடுக்கலாம். வெறும் களவுக்கு அவ்வனுமதி இல்லை. களவோடு உயிரச்சமும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

எல்லையை ஒருவர் நல்லெண்ணத்தோடு, முன்திட்டமின்றி மீறிவிட்டால், அது கொலைக்குற்றம் ஆகாமல் அதனினும் குறைந்த குற்றமாகக் கருதப்படும். எனினும் அதுவும் குற்றமே. தற்காப்புக்காகச் செய்தேன் என்று காட்டவேண்டிய பொறுப்பும் செய்தவரையே சாரும். ஆனால் அரசுத் தரப்பு குற்றத்தை மெய்ப்பிப்பதுபோல் ஐயத்துக்கு இடமின்றி அவர் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. அவர் கூற்றே நடந்திருக்கக்கூடியது என்று தோன்றுமாறு காட்டினால் போதும்.

3. இரு வழக்குகள்

உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த இரு துப்பாக்கி வழக்குகளை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. முதலாவது அம்ஜத் கான் வழக்கு. 1950 மார்ச் மாதம் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் வகுப்புக் கலவரம் மூண்டது. கும்பல் ஒன்று அவர் இருந்த கட்டடத்தின் மறுபகுதியை உடைத்துக் கொள்ளையிட்டது. குடும்பத்துப் பெண்டிரும் பிள்ளைகளும் உயிருக்கு அஞ்சி அவரிடம் ஓடிவந்தனர். கும்பல் அவருடைய கதவையும் தடிகளால் அடிக்கத் தொடங்கிய நிலையில் அவர் இருமுறை சுட்டார். ஒருவர் இறந்தார், வேறு சிலர் காயமுற்றனர். 1952இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. கதவு உடைந்து கும்பல் உள்ளே வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும், அத்தகைய வேளையில் ஒருவனுடைய செயலைப் பொன் எடைபோடும் தராசில் நிறுத்துப் பார்த்தலாகாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

இரண்டாவது பஞ்சாபைச் சேர்ந்த தர்ஷன் சிங் வழக்கு. 1991இல் வயலில் எழுந்த தகராறில் தம் தந்தை வெட்டுப்படுவதைக் கண்ட மகன் துப்பாக்கியால் சுட்டார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்து, தற்காப்புரிமை பற்றிப் 10 நெறிகளை வகுத்துரைத்தது. தாக்கப்படுவோன் கோழையைப்போல் ஓடிவிட வேண்டுமென்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் அவன் தேடிச்சென்று உண்டாக்கிய ஆபத்துக்கு இவ்வுரிமை துணை நில்லாது. இவ்விரு கருத்துகளையும் சேர்த்தே அத்தீர்ப்பைப் படித்தல் வேண்டும்.

இவ்விரு வழக்குகளிலும் ஆபத்து கண்முன் நின்றது. இரண்டிலும் பிறருடைய உயிர் சுட்டவரின் கையில் இருந்தது. இரண்டிலும் காவல்துறையை அழைத்துவர நேரமில்லை. மற்றொன்றும் நாம் மறத்தலாகாது: விடுதலை பெற்றவர்களும் அதற்கு முன்னர் கீழ்நீதிமன்றத்திலோ மேல்நீதிமன்றத்திலோ தண்டிக்கப்பட்டு, ஆண்டுகள் பல வழக்கைச் சுமந்தவர்களே. சட்டத்தின் ஆதரவு உண்டு என்பதால் துன்பம் இராது என்று எவரும் எண்ணலாகாது.

4. திருமறை காட்டும் வழி

யாத்திராகமம் 22:2, 3இல் ஒரு விதி உண்டு. இரவில் கன்னமிடும் கள்வன் அடியுண்டு இறந்தால் வீட்டுக்காரன்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் நேர்ந்தால் பழி உண்டு. நம் தண்டனைச் சட்டமும் இரவு வீடுடைப்பைத் தனித்துக் கூறுவதை மேலே கண்டோம். இவ்வேறுபாட்டின் காரணம் யாது? இருளில் வந்தவன் களவாட வந்தானா, கொல்ல வந்தானா என்று வீட்டுக்காரன் அறியான். உதவிக்கு அழைக்கவும் ஆளில்லை. பகலிலோ முகம் தெரியும், அயலார் வருவர், கள்வனைப் பிடித்து ஈடு கட்டச் செய்யலாம். கள்வனுடைய உயிருக்கும் விலையுண்டு, பொருளுக்கு ஈடாக அவ்வுயிரை வாங்கலாகாது என்பதே அவ்விதியின் உட்கிடை. தீயவனுடைய இரத்தத்துக்கும் இறைவன் கணக்குக் கேட்கின்றார்.

நெகேமியா 4ஆம் அதிகாரத்தில் எருசலேமின் அலங்கத்தைக் கட்டுவோர் இடுப்பில் பட்டயம் கட்டியவராய் வேலை செய்கின்றனர். தம் சதி வெளிப்பட்டதை அறிந்து பகைவர் பின்வாங்கினர். கட்டுவோர் வேலைக்குத் திரும்பினர். பட்டயங்கள் உருவப்பட்டதாக அவ்வதிகாரம் கூறவில்லை. ஆபத்து நேரிடும் இடத்தில் எல்லாரும் ஒன்றுகூடுவதற்கு எக்காளம் ஊதுவோன் ஒருவன் நெகேமியாவின் அருகில் நிறுத்தப்பட்டான் என்பதும் உற்றுநோக்கத்தக்கது. எஸ்றாவோ (எஸ்றா 8:22) வழித்துணைக்கு அரசனிடம் போர்வீரரைக் கேட்க நாணி, உபவாசித்து இறைவனை நம்பிச் சென்றார். நெகேமியாவோடு போர்ச்சேவகர் சென்றனர் (2:9). இருவரும் இறையடியாரே, திருமறை ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைப் பழிக்கவில்லை. தாங்குதலைப் பொறுத்தவரை மனச்சாட்சிக்கு இடமுண்டு என்பது இதனால் பெறப்படும்.

உருவுதலைப் பொறுத்தவரை 1 சாமுவேல் 25 நமக்கு நல்ல பாடம். தாவீது நாபாலின் இழிசொல்லைக் கேட்டுத் தன் மனிதர் 400 பேருடன் பட்டயம் கட்டிப் புறப்பட்டான். அவன் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லை, மானமே புண்பட்டது. அபிகாயில் குறுக்கிட்டு அவனை இரத்தப்பழியினின்று காத்தாள். நம் ஊர்களில் கை ஆயுதத்துக்குச் செல்லும் வேளைகளை எண்ணிப் பார்ப்போமாகில், கள்வரைக் காட்டிலும் வரப்புத் தகராறும், பங்காளிச் சண்டையும், தெருவில் கேட்ட ஒரு வசைச்சொல்லுமே காரணமாய் இருப்பதைக் காண்போம். இவை எவற்றிலும் உருவுதலுக்கு நியாயமே இல்லை.

கெத்செமனே நிகழ்ச்சியில் சீடர்கள், பட்டயத்தால் வெட்டலாமா என்று ஆண்டவரைக் கேட்கின்றனர் (லூக்கா 22:49, 50). விடை வருமுன் அவர்களில் ஒருவன் வெட்டிவிட்டான். கேள்வி சரியானதே, விடைக்குக் காத்திராததே பிழை. ஆண்டவர் தம்மைப் பிடிக்க வந்தவனுடைய காதைத் தொட்டுக் குணமாக்கினார். பட்டயத்தை உறையில் போடும்படி பேதுருவுக்குக் கட்டளையிட்டார் (யோவான் 18:11). இதனைக் கொண்டு, உறையில் இருக்கும்வரை பட்டயம் அனுமதிக்கப்பட்டது என்று வாதிப்பது வசனத்தைத் திரிப்பதாகும். ஆண்டவர் ஈண்டுத் தற்காப்புச் சட்டம் வகுக்கவில்லை. சிலுவையின் பாத்திரத்தை ஏற்கின்றார். ஆயினும் அவரைப் பின்பற்றுவோர்க்கு ஒன்று தெளிவாகின்றது. உருவிய கையைவிடத் திரும்ப உறையிலிடும் கையே அவருடைய கட்டளைக்கு அணித்தானது. எதிரியின் காயமும் அவருடைய கரிசனைக்கு உட்பட்டது.

மத்தேயு 5:39இல் சொல்லப்படும் வலது கன்னத்து அடி, உயிரைக் குறித்த தாக்குதலைக் காட்டிலும் இழிவுபடுத்தும் அடியையே சுட்டுகின்றது எனப் பல உரையாசிரியர் கொள்வர். வலக்கையால் ஒருவன் வலது கன்னத்தில் அடிக்க வேண்டுமாயின் புறங்கையால்தான் அடிக்கக்கூடும். எனவே இவ்வசனம் பழிக்குப் பழி வாங்குதலை விலக்குகின்றது. குழந்தையைக் கொல்ல வருபவனுக்கு முன்னர்த் தாய் கைகட்டி நிற்க வேண்டும் என்று அது கற்பிக்கவில்லை.

5. திருச்சபையின் மரபு

இப்பொருளில் திருச்சபையின் ஆசிரியர்கள் ஒரே குரலில் பேசவில்லை. நான்காம் நூற்றாண்டில் அம்புரோசு, ஆயுதம் தாங்கிய கொள்ளையனை எதிர்கொள்ளும் கிறிஸ்தவன் தன் உயிரைக் காக்கத் திருப்பி அடித்தலாகாது, அதனால் அன்பு கறைபடும் என்று கருதினார். அகுஸ்தீனும், பொதுப்பணியில் உள்ள போர்வீரரும் அதிகாரிகளும் பிறரைக் காப்பதை ஒப்புக்கொண்டாரேயன்றி, தனிமனிதன் தன் உயிருக்காகப் பிறனைக் கொல்வதை ஒப்பவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினா ஒரு வேறுபாட்டை எடுத்துரைத்தார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருத்தல் கூடும். தன் உயிரைக் காத்தல் ஒன்று, தாக்குவோன் இறத்தல் மற்றொன்று. முன்னதையே ஒருவன் கருதிச் செய்வானாயின் செயல் முறையானது. ஆயின் தேவைக்கு மிஞ்சிய வலிமையைப் பயன்படுத்தினால் அது முறைகேடாகிவிடும். நம் சட்டம் கூறும் அளவுநெறியும் இதனோடு பெரிதும் ஒத்துள்ளது.

லூத்தர் 1523இல் உலக அதிகாரத்தைக் குறித்து எழுதிய நூலில், கிறிஸ்தவன் தனக்காகப் பட்டயத்தைப் பயன்படுத்தாமல் தீமையைப் பொறுத்துக்கொள்வான். ஆனால் அயலானின் நன்மைக்காக அதனை ஏந்தும் கடமை அவனுக்கு நேரிடலாம் என்று விளக்கினார். 17ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, கொலை செய்யாதிருக்கும் கட்டளையை விளக்குமிடத்து, நீதித்தண்டனை, நியாயமான போர் ஆகியவற்றோடு இன்றியமையாத தற்காப்பையும் விலக்காக ஏற்றது. மென்னோனைட்டு சபையாரோ எந்நிலையிலும் ஆயுதம் ஏந்துவதில்லை என்ற சாட்சியைக் காத்து வருகின்றனர்.

இம்மரபுகளில் ஒன்றை மட்டும் கிறிஸ்தவ மரபு என்று சபைமுன் வைப்பது நேர்மையன்று. ஆயினும் இவை அனைத்தும் இரண்டில் ஒத்துள்ளன. தாக்குவோனும் இறைவனின் சாயலைத் தாங்கியவன். பொருளையும் மானத்தையும் காப்பதற்கு அவனுயிர் விலையாகாது. சட்டம் சில இடங்களில் இதனைவிட மிகுதியாக அனுமதிக்கின்றது என்பதும் உண்மை. கொல்ல வரும் கும்பலை நோக்கிச் சுடுவதைத் தவிர வேறு வழியில்லாதபோது, அக்கும்பலில் கலந்துள்ள குழந்தைகளுக்குத் தீங்கு நேரினும் சுட்டவர் குற்றவாளியாகார் என்பது தண்டனைச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு. சட்டம் அவரைத் தண்டியாது விடலாம். ஆனால் அவர் ஆலயத்துக்கு வந்து முழங்காற்படியிடும்போது, சட்டம் விடுவித்தது போதும் என்று சொல்லி அனுப்ப ஆயரால் இயலாது. சட்டம் வகுப்பது தண்டனையின் எல்லை. மனச்சாட்சியின் சுமை அவ்வெல்லையில் முடிந்துவிடுவதில்லை.

6. விழுப்புரம் எழுப்பும் வினா

இதுவரை தனிமனிதரைப் பற்றியே பேசினோம். விழுப்புரம் மண்ணில் நின்று பேசுவோர் அத்துடன் நிறுத்திக்கொள்ளல் இயலாது. 1978 ஜூலை மாதம் இந்நகரில் மூண்ட சாதிக் கலவரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கோரி வன்னியர் நடத்திய சாலை மறியலின்போது 21 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானவர். அவர்கள் நினைவாக 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஒரே மாவட்டத்தின் இரு மக்களும் தத்தம் இறந்தோரை நினைவில் சுமந்து வாழ்கின்றனர். தம்மைக் காக்க வேண்டிய அரசின்மேல் நம்பிக்கை குன்றிய நினைவு இரு சாராரிடமும் உண்டு.

ஆற்காட்டு மிஷனும் டேனிஷ் மிஷனும் பணியாற்றிய இப்பகுதிகளின் சபைகளில் தலித் மக்களே பெருந்தொகையினர். அவர்களிடம் மறு கன்னத்தைக் காட்டுமாறு போதிப்பது எளிது. ஆனால் தலைமுறைகளாக இரு கன்னங்களிலும் அடி வாங்கியவர்களிடம் அதனைப் போதிப்பவர், அடித்தவர்களிடம் யாது போதித்தார் என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டும்.

பட்டியலினத்தார் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1995இல் இயற்றப்பட்ட விதிகளில் 3ஆம் விதி நாம் கருதத்தக்கது. வன்கொடுமை நேரக்கூடிய பகுதிகளில், பட்டியலினத்தாரும் பழங்குடியினரும் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கி அவற்றை அரசின் படைக்கலக் கொட்டிலில் வைக்கவும், உரிமமற்ற துப்பாக்கிகளைக் கைப்பற்றவும், தேவையெனக் கருதின் பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கவும் அவ்விதி மாநில அரசுக்கு வழிவகுக்கின்றது. எளியோர் தம்மைக் காத்துக்கொள்வதற்குப் படைக்கலம் தேவைப்படலாம் என்று நாட்டின் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கின்றது. ஆதலின் காலனியிலிருந்து ஓர் இளைஞர் வந்து, “சட்டமே தரும் என்கிறது, சபை தடுக்குமா?” என்று கேட்டால், அதிர்ச்சி காட்டுவது விடையாகாது.

அவருக்கு நாம் கூறத்தக்கது யாது? அயலானைக் காப்பதற்காக எழும் கை பாவக்கை என்று நாம் கூறமாட்டோம். லூத்தரும் அங்ஙனம் கூறவில்லை. கோழைத்தனத்தை அகிம்சை என்று அழைப்பதைக் காந்தியடிகளும் ஏற்கவில்லை. எனினும் அவ்விதியின் வரிசையை அவருக்குக் காட்டுவோம். அது முதலில் வலியோரின் கையிலுள்ள துப்பாக்கியை நீக்கச் சொல்கின்றது. எளியோர்க்கு உரிமம் அளிப்பது அதற்குப் பின்னரே, அதுவும் தேவையெனக் கருதினால் மட்டுமே. அறத்தின் வரிசையும் அதுவே. முதற்கோரிக்கையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பற்றிக்கொண்டால், ஒரு தெருவில் ஒரு துப்பாக்கியும் மறு தெருவில் பத்துத் துப்பாக்கிகளும் என்ற நிலையே மிஞ்சும். கும்பல் வரும் இரவில் ஒரு குடிசையிலிருந்து வெடிக்கும் ஒரு குண்டு அக்குடிசையைக் காக்கலாம். மறுநாள் முழுத் தெருவையும் எரிப்பதற்குச் சாக்காகவும் ஆகலாம்.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் அனுபவித்தது இங்கு நினைவுகூரத்தக்கது. 1956 ஜனவரி 30 அன்று மான்ட்கமரி நகரில் அவருடைய வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். அதன்பின் துப்பாக்கி வைத்துக்கொள்ள அவர் உரிமம் கேட்டார், அது மறுக்கப்பட்டது. பின்னர் அவரும் அவர் மனைவியும் கலந்து ஆராய்ந்து, வீட்டிலிருந்த துப்பாக்கியையும் விலக்கிவிட்டனர். அறப்போரை நடத்துபவன் வீட்டில் ஆயுதத்தை நம்புவது பொருந்தாது என்பது அவருடைய முடிவு. ஆனால் வாளாவிருக்கவில்லை; வீட்டைச் சுற்றி ஒளிவிளக்குகள் அமைத்து, ஆயுதமில்லாக் காவலரை இரவும் பகலும் நிறுத்தினார். துப்பாக்கியை மறுத்தவர் பாதுகாப்பை மறுக்கவில்லை. நெகேமியாவின் எக்காளமும் கிங்கின் விளக்கும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. எளியோரின் முதற்பாதுகாப்பு விழித்திருக்கும் அயலாரே.

7. ஆயர் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து, படைக்கலம் தாங்கும் இறைமகனுக்கு ஆயர் நான்கு வினாக்களைக் கற்பிக்கலாம். இப்பொழுது என் கண்முன் ஓர் உயிருக்கு ஆபத்து உண்டா? விலகவோ, கதவடைக்கவோ, உதவிக்கு அழைக்கவோ வழியே இல்லையா? இந்த ஆபத்தை நானே தேடிச் சென்று உண்டாக்கினேனா? ஆபத்து நீங்கிய கணத்தில் நிறுத்திக்கொள்ள ஆயத்தமாயிருக்கின்றேனா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றும், மூன்றாவதற்கு இல்லை என்றும், நான்காவதற்கு ஆம் என்றும் மெய்யாகவே கூற இயலாதபோது, கை உறையின்மேல் செல்லலாகாது. இவ்வினாக்களை ஆபத்து வேளையில் எண்ணிப் பார்க்க நேரமிராது. ஆதலின் அமைதியான நாட்களில் இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளாதவர் படைக்கலம் தாங்காதிருப்பதே நன்று.

வங்கிக் காவலரைப் பொறுத்தவரை ஒரு சிறப்புக் குறிப்பு உண்டு. அவர் காக்குமாறு பணிக்கப்பட்டது பணத்தை. ஆனால் அவர் சுடுவதற்கு நியாயம் தருவது பணத்தைவிட, அங்குள்ள மக்களின் உயிருக்கு நேரும் ஆபத்தே. பெட்டி போனால் ஈடு செய்யலாம். இதனை அவருக்குச் சொல்லி, பணியிழக்கும் அச்சத்தினின்றும் அவரை ஆற்றுவது ஆயரின் கடமை.

வீட்டில் துப்பாக்கி வைத்திருப்போரிடம் மற்றொன்றையும் வினவ வேண்டும். குடிப்பழக்கமோ, தீராத குடும்பச் சச்சரவோ, உயிரை வெறுக்கும் மனச்சோர்வோ அவ்வீட்டில் உண்டா? கள்வன் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். இவையோ நாள்தோறும் அவ்வீட்டில் வாழ்கின்றன. அத்தகைய வீட்டில் துப்பாக்கியை ஒப்படைத்து உரிமத்தைத் திருப்பியளிக்குமாறு அறிவுறுத்துவதே உண்மையான ஆயர்பணி.

சுட்டுவிட்டவர் ஒருவர் நம் சபையில் இருப்பாராயின், நீதிமன்றம் என்ன தீர்த்தாலும், அவரை வீரர் என்று கொண்டாடுவதும் கொலைஞர் என்று ஒதுக்குவதும் ஒருங்கே தவறாகும். அவரோடு அமர்ந்து, அவர் துயரத்தைக் கேட்டு, இறந்தவருடைய வீட்டாருக்காகவும் அவரோடு சேர்ந்து மன்றாட வேண்டும். இறந்தவரின் வீட்டாரைச் சென்று காண்பதும் அதே ஆயரின் பணி.

சேகரக் குழுக்கள் செய்யத்தக்கதும் உண்டு. தம் எல்லைக்குள் பகைமை முற்றிவரும் ஊர்களை அறிந்து, திருவிழாக் காலத்துக்கும் தேர்தலுக்கும் முன்னரே காவல்துறையிடமும் ஆட்சியரிடமும் எழுத்து மூலம் முறையிடுதல். 1995ஆம் ஆண்டு விதிகளின் முதற்பகுதி நிறைவேற்றப்படுமாறு வற்புறுத்துதல். இரு தெருவாரும் மதிக்கும் பெரியோரைப் பகை முற்றுமுன் ஓரிடத்தில் அமர்த்திப் பேசவைத்தல் ஆகியன அவை. அபிகாயில் தாவீதின் கூடாரத்தில் சென்று பேசவில்லை; அவன் பட்டயத்தோடு வரும் வழியில் எதிர்கொண்டு பேசினாள். அவ்வழியில் சென்று நிற்கும் துணிவு நம் சபைகளுக்கு இருக்குமாயின், எப்பொழுது உருவலாம் என்று நம் மக்கள் கேட்க வேண்டிய நாட்கள் குறையும்.